கரும்பலகையில் ஐந்தில் இரண்டு

2004 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கடலூர் பழைய நகரில் ஒரு நடுநிலைப்பள்ளியின் கரும்பலகை வீறிட்டுக் கத்தியது. கன்று ஈனுகிற மாடு கத்துவது போலிருந்தது என்று துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். கூரைதான் இறங்குகிறது என்று நினைத்துத் தலைமையாசிரியர் பிள்ளைகளை வெளியே விரட்டினார். கூரை இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்பு அமராவதி டீச்சர், வெண்மதி என்ற மாணவி போட்ட தப்புக் கணக்கை டஸ்டரால் அழிக்கப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னதற்கு, அந்தப் பெண் மேலே இருந்த எண்களைத் தனியாகவும் கீழே இருந்த எண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். சரியான விடை ஆறில் ஐந்து. டீச்சர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, சரியான விடையைப் பக்கத்தில் எழுதினார். மறுநாள் அது ஒரே தேய்ப்பில் அழிந்தது. தப்பு விடை அழியவில்லை.

ஈரத்துணி, மண்ணெண்ணெய், உப்புத்தாள் எல்லாம் போட்டுத் தேய்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கத்திய பலகை, சில நாளில் சலித்துப்போய் அதை நிறுத்திக்கொண்டது. கோவை இலையும் கரியும் அரைத்து இரண்டு பூச்சுப் பூசினார்கள். பூச்சு காய்வதற்குள் கணக்கு மேலே வந்துவிட்டது. பிறகு புதுப்பலகை வாங்கி மாட்டினார்கள். காலையில் பார்த்தால் கணக்கு புதுப்பலகையில் இருந்தது. சைக்கிள் கொட்டகையில் போட்ட பழைய பலகை சுத்தமாக இருந்தது. அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து பெஞ்சுகளையும் பீரோவையும் புரட்டிப் போட்டது. சேற்றை வழித்துவிட்டுப் பார்த்தபோது, கணக்கு அப்போதுதான் சாக்பீஸால் எழுதியது போல உலர்ந்திருந்தது. வீடிழந்து அந்த அறையில் தங்கிய குடும்பங்கள், பலகைக்கு மேலே கயிறு கட்டித் துணி காயப்போட்டன. பின்னத்தைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அப்போது தெம்பில்லை.

மறுவருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி கவலைப்பட்டார். பலகையில் பிழை இருக்கும்வரை இந்த ஆசிரியைக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு கிடையாது என்று எழுதிவைத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். வரிசைப்படி அடுத்த பதவி உயர்வு அமராவதிக்குத்தான் வரவேண்டும். பஸ் டெப்போவில் வேலை பார்த்த அவர் கணவர் உத்திராபதி, "எல்லாரு பள்ளிக்கூடத்துலயும் செவுத்துல பல்லி இருக்கும். ஒனக்கு மட்டும் கணக்கு" என்றார். ஒரு வாரம் வீட்டில் குழம்பில் உப்பு சரியாக இல்லை.

வேறு வழி தெரியாமல் டீச்சர் சிதம்பரத்தில் பேராசிரியர் கலியமூர்த்தியிடம் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தார். பின்னக் கூட்டலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்கான காரணம்தான் தலைப்பு. "காரணம் தெரிஞ்சுட்டா கணக்கு தானா அழிஞ்சிடும்மா. மொதல்ல வரலாத்துலேருந்து ஆரம்பிங்க" என்றார் பேராசிரியர். சனிக்கிழமை தவறாமல் டீச்சர் பஸ் ஏறினார். கணக்குப் பாடத்தின் வரலாறு படித்ததில் அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம் கிடைத்தது. பழைய எண்சுவடிக் காலத்தில் கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர், தனிக்குறி. மேலே ஓர் எண் கீழே ஓர் எண் என்று எழுதும் வழக்கமே இல்லை. ஆகவே இந்தத் தப்பை அன்றைக்கு யாரும் செய்திருக்கவே முடியாது. அதை முதல் அத்தியாயத்தில் எழுதியபோது கணக்கு லேசாக மங்கியது போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மங்கவில்லை.

2007இல் செயல்வழிக் கற்றல் வந்தது. நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கறுப்புப் பட்டை அடித்தார்கள். ஞாயிறு கழிந்து வந்து பார்த்தபோது கணக்கு இறங்கி அந்தப் பட்டையில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பள்ளியில் அரசாணையை மதித்து நடந்த முதல் ஆள் அதுதான் என்றார் தலைமையாசிரியர். டீச்சர் கிள்ளை, குறிஞ்சிப்பாடி, லால்பேட்டைப் பள்ளிகளுக்கு வினாத்தாளைச் சுமந்துகொண்டு அலைந்தார். எல்லா ஊரிலும் பிள்ளைகள் ஐந்தில் இரண்டுதான் எழுதினார்கள். எல்லா ஊரிலும் அது அடக்கமாக அழிந்தது. தகப்பன் தொழில், காலைச் சாப்பாடு, வீட்டில் கரண்ட் உண்டா என்று எதனோடு பொருத்திப் பார்த்தாலும் காரணம் சிக்கவில்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஐந்து காரணங்கள் இருந்தன. ஒன்றை ஒன்று மறுத்தன. டீச்சருக்கு முன்மயிர் நரைத்தது, முழங்கால் வலி வந்தது. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைமையாசிரியர் ஆனார்கள். வெண்மதி அதே பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தாள். தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போனாள். ஆய்வேட்டில் அவளுக்கு 'மாணவி வெ' என்று பெயர்.

2011 கடைசியில் புயல் வந்து ஓடுகளைக் கொண்டுபோனது. அறை முழுக்க மழை பெய்தது. கணக்கின் மேல் மட்டும் பெய்யவில்லை. இதையெல்லாம் பேச ஊரில் ஆள் இல்லாமல் போயிருந்தது. சரஸ்வதி பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி இடம் விட்டு எழுதப் பழகிக்கொண்டார்கள்.

2012இல் டீச்சர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வெளியூர்த் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார்: மாணவி வெ-யிடம் காரணம் கேட்கப்பட்டதா?

பேராசிரியர் போனில், "இல்லன்னு எழுதாதீங்கம்மா, பட்டம் போயிடும். தொடர்புகொள்ள இயலவில்லைன்னு போட்டுடுங்க. எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார். அப்படியே எழுதி முடித்துவிடுவது என்று டீச்சர் தீர்மானித்தார். எட்டு வருடம் ஆகிவிட்டது. அவருக்கு இனிமேல் காரணம்கூட வேண்டாம், முடிந்தால் போதும்.

நவம்பரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வகுப்பைக் கவனிக்க ஒரு மாணவியை அனுப்பியிருந்தார்கள். அறையின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். வெண்மதி. நல்ல உயரமாகியிருந்தாள், பயிற்சிப் பள்ளிப் புடவையில் இருந்தாள்.

டீச்சர் மேசையில் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பையில் அந்தப் பதில் கடிதம் பாதி எழுதிய நிலையில் இருந்தது. மணியடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வெண்மதி மேசைக்கருகே வந்து நின்றாள்.

"இன்னும் அழிக்கலியா டீச்சர்?"

"நான் அழிக்கலையாவா? ஒம் புண்ணியத்துல எனக்குத் தல நரைச்சிடுச்சுடி" என்றார் டீச்சர், தாளிலிருந்து நிமிராமல். சிவப்புப் பேனா தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. பிறகு, யாரும் கேட்காத அந்தக் கேள்வியை, மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார். "அன்னிக்கு ஏன்டி அப்புடிப் போட்ட?"

வெண்மதி குனிந்து, மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

"நீங்க போட்டதத்தான் டீச்சர் போட்டேன். ரெண்டு மார்க்குல ஒண்ணு, மூணு மார்க்குல ஒண்ணு, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுன்னு மேலயும் கீழயும் கூட்டி எம் பேப்பர்ல வட்டம் போடுவீங்கள்ல, இதோ இப்பக்கூட போட்டுக்கிட்டிருக்கீங்களே."