நிழல் கற்ற அசை

கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்த தையற்காரர் மகளின் நிழல், மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை, உடற்கூறியல் வகுப்பின் நடுவில் எழுந்து தமிழ்த் துறைக்குப் போய்விட்டது. நல்ல வெயில். அது புல்தரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். யாப்பிலக்கண வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தது, மறுநாளும் போனது, அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. "பொண்ணு எங்க சுத்துறான்னு கவலப்பட்டது போதாதுன்னு இனி நிழல் எங்க சுத்துதுன்னு வேற பாக்கணுமா" என்றாள் அம்மா. "நிழலுக்கெல்லாம் நான் அளவெடுக்குறதில்ல" என்று அப்பா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிட்டார்.

வகுப்பு விட்டதும் நிழல் திரும்பி வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். அன்று கற்றதெல்லாம் குதிகால் வழியாக அவளுக்குள் ஏறும். வினை அங்கேதான் தொடங்கியது. மாடு எப்படி அசை போடுகிறது என்ற தேர்வுக் கேள்விக்கு, 'அசை இரு வகைப்படும்: நேரசை, நிரையசை' என்று எழுதி வைத்தாள். எந்த நோய்க்கும் முதலில் ஊசியைத் தேடுவதால் ஊசியார் என்று பெயர் வாங்கிய பேராசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். "ஏம்மா, மாடு வெண்பா பாடுமா? நிழலக் கட்டிப்போடு, இல்ல நீயும் அங்கயே போயிடு."

அந்த வாரம் பண்ணைப் பசு மகாராணி அசை போடுவதை நிறுத்தியது. தாயில்லாக் கன்றாக வந்ததை அவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள். ரத்தமும் சாணமும் சோதித்தாயிற்று, குற்றமில்லை. பசு மட்டும் துரும்பாகிக்கொண்டிருந்தது. இனியும் துன்பப்பட விட வேண்டாம், காலையில் கடைசி ஊசி என்று ஊசியார் சொன்னார். பசுவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அவள் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்தாள். அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்த நிழல் காலடியில் படுத்தது. அவள் நெடுநேரம் கேட்டாள்.

"சார், நிரை வரவேண்டிய இடத்துல நேர் வருது."

"தமிழ்ல சொல்லும்மா."

"ரெண்டாம் இரைப்பை அடுத்தடுத்து ரெண்டு தடவ சுருங்கணும்ல, ரெண்டு குறில் சேந்து வர்ற மாதிரி? ஒண்ணோட நின்னுடுது. எதுவோ உள்ள குத்துது சார்."

ஊசியார் தானும் காதை வைத்தார். பிறகு ஊசியை எடுத்தார், மரத்துப்போவதற்கான ஊசியை. விலாவைத் திறந்து கையை உள்ளே விட்டபோது வேலிக்கம்பித் துண்டு ஒன்று வந்தது. தையல் அவள் போட்டாள். ரத்தத்தில் இருந்த தொழில் அல்லவா.

மகாராணி மெல்ல அசை போடத் தொடங்கியது. அதற்குள் பல மாணவர்களின் நிழல்கள் துறை மாறிப் போய்வர ஆரம்பித்திருந்தன. தமிழ்த் துறையில் பெஞ்சுகளை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார்கள். ஒரு நண்பகலில் ஊசியார் கொட்டிலுக்கு வந்தார். வெயில் கொளுத்தியது. அவர் காலடியில் ஒன்றுமில்லை.

"எங்க சார் போயிருக்கு?"

"இசைத் துறைக்கு. கேட்டா தாளம் புடிபடலயாம், மக்கு. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டு."