ஐந்தா, இருபதா

மண்ணுக்குள் பழைய காசு தேடும் எங்கள் சங்கத்தில் இன்னும் ஆடாதவள் நான் ஒருத்திதான்.

இயந்திரங்கள் வருவதற்கு முன்பு சுத்தியலால் முத்திரை அடித்த வெள்ளிக்காசு ஒருவருக்கு முதல்முறை கிடைத்தால், கிடைத்த இடத்திலேயே ஆட வேண்டும். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். என் தம்பி ரோலண்ட் சேர்ந்த வருடமே ஆடிவிட்டான். பல் மருத்துவர் ஹெஸ்டர் இரண்டு முறை ஆடினாள். இரண்டாவது ஆட்டத்தை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்தவை சட்டைப் பித்தான்கள், தோட்டா மூடிகள், ஒரு கரண்டி.

அன்று ஞாயிறு. தர்லோ அம்மாளின் வயலில் கோதுமைத் தாள் மட்டும் நின்றது. மதியம் விதைப்பு. விதைத்துவிட்டால் அடுத்த அறுவடை வரை உள்ளே விடமாட்டார்.

மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் ஒலிக்கும் கருவி, எனக்கும் ரோலண்டுக்கும் ஒரே வகை. நான் வாங்கிய அன்றே அவன் அதிர்வெண்ணை ஐந்து கிலோஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தான். "அஞ்சுதான் ஆழமாப் போகும். இனி கைய வெக்காத" என்றான். நான் வைக்கவில்லை.

ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் நெருங்கினால் இரண்டும் கத்தும். பின்னால் வந்தவர் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். இது சங்க வழக்கம். பழைய சந்தைப் பாதை ஓடிய மேட்டில் ரோலண்ட் முதலில் ஏறிவிட்டான். நான் போய்ச் சேர்ந்ததும் காதுக்குள் அலறல்.

"அக்கா, மாத்து."

"உனக்குப் பன்றிக்கறி ரொட்டி கட்டிக்கிட்டு இருந்ததாலதான்டா லேட்டு."

"ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. மாத்து."

"எதுல வெக்க?"

"இருபதுல வெயி. கண்ட பொடிக் குப்பையும் கேக்கும். பொறுத்துக்க."

வைத்தேன். அவன் சொன்னது சரி. ஈயத்தாள் கேட்டது, ஷூ கயிற்றின் நுனித் தகடு கேட்டது. மூன்று முறை மண்டியிட்டு மூன்று முறையும் திட்டிக்கொண்டே எழுந்தேன். வாயிலில் டிராக்டர் வந்து நின்றது. தர்லோ அம்மாள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

திரும்பும்போது ஒரு சத்தம். மெல்லியது, ஆனால் அறுபடாதது. கருவியைக் குறுக்குவாக்கில் அசைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே சத்தம்.

"டேய், உன்னோடத இங்க வெச்சுப் பாரு."

என் கருவியை அணைத்தேன். ரோலண்ட் தன்னுடையதை அந்த இடத்தின் மேல் அசைத்தான். அதில் சத்தம் இல்லை.

"ஒண்ணுமே இல்லக்கா. சாக்லேட் தாளு. கெளம்பு, அந்தம்மா மொறைக்குது."

"எனக்குக் கேட்டுச்சு."

"உனக்கு எப்பவும் கேக்கும்."

தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், மண்கட்டிக்குள், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு துண்டு. விரலால் தேய்த்ததும் வெள்ளி தெரிந்தது. ஒரு பக்கம் அரசரின் சுருள்முடி, மறு பக்கம் சிலுவையின் கால்பகுதி. சில்லறை இல்லாத காலத்தில் ஒரு பென்னிக் காசைச் சிலுவைக் கோட்டில் நான்காக வெட்டிச் செலவழித்தார்கள். அதில் ஒன்று.

ஹெஸ்டர் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும்.

"இது காசு இல்ல, துண்டு" என்றான் ரோலண்ட். "ஆட்டத்துக்கு முழுக்காசு வேணும்."

"யாருடா சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்."

ஹெஸ்டர் துண்டை வாங்கி, பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ரோலண்ட், அந்தக் காலத்துல இதைக் குடுத்தா ரொட்டிக்காரன் ரொட்டி குடுத்திருப்பானா, மாட்டானா?"

"குடுத்திருப்பான்."

"அப்பறம் என்ன? ஆடு, க்வெண்டா. உன் தம்பிக்குப் பொறாமை."

"பொறாமையா? எனக்கா? அது என் காலடியில இருந்துச்சு! நான் ரெண்டு தடவ அதைத் தாண்டிப் போயிருக்கேன்!"

"அதத்தான் சொல்றேன்" என்றாள் ஹெஸ்டர்.

எனக்கு ஆடத் தெரியாது. இத்தனை வருடங்களில் ஒரு நாளும் பழகிப் பார்த்ததில்லை. பழகினால் கிடைக்காது என்று ஒரு பயம். இடுப்பில் கைவைத்து ஒரு பக்கம் குதித்தேன். பிறகு மறு பக்கம். யாரோ தாளம் போட்டார்கள். தர்லோ அம்மாள் ஹாரனை அழுத்தினார். விரட்டுகிறார் என்று நினைத்தேன், தாளத்துக்குத்தான் அழுத்தினார்.

ரோலண்ட் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்து தன் கருவியில் எண்ணை மாற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான்.

மூன்றாவது குதிப்பில் ஒரு பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.