அண்ணியின் மூன்று பெட்டிகள்

அந்த இசைக்குழுவில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் ஒருவனுக்கு மட்டும்தான் அவள் அண்ணி. குழுவை நடத்துகிறவன், கிடார் வாசிப்பவன், அவள் கணவனின் தம்பி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, டிரம்ஸ் அடிக்கும் பேக்கரிக்காரருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கீபோர்டு வாசிக்கும் கணக்கு வாத்தியாரும் அப்படியே. பாடுகிறவள் மட்டும் அக்கா என்பாள். அவள் கொழுந்தனின் மனைவி, அண்ணிக்கு ஓரகத்தி.

பகலில் அண்ணிக்கு மருத்துவமனையின் காதுப் பிரிவில் வேலை. கேட்கும் கருவி பொருத்துவாள். தட்டு விழுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது, மகள் பேசுவது மட்டும் விளங்கவில்லை என்று ஒருவர் வந்து உட்காருவார். எந்தச் சத்தத்தைத் தணிப்பது, எதை உயர்த்துவது என்று கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பாள். அவர் முகம் தெளிகிறவரை விடமாட்டாள்.

அந்தப் பிடிவாதம் குழுவில் அவள் வாசிக்கும் பேஸ் என்ற கீழ்ஸ்தாயிக் கிடாருக்கும் வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் மூன்று பெடல்கள் வாங்கியிருந்தாள். காலால் மிதித்தால் வேலை செய்கிற சின்ன இரும்புப் பெட்டிகள். ஒன்று, வாசிக்கிற சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்துத் தரும். இன்னொன்று டிஸ்டார்ஷன், ஒலியைக் கரகரப்பாக்கித் தடிமனாக்கும். மூன்றாவது ஃபில்டர். அது ஒலியின் பளபளப்பை மூடி வைத்திருந்து, கம்பியை அழுத்தி மீட்டும்போது மட்டும் திறந்துவிடும். கொழுந்தன் அவற்றுக்கு வைத்த பெயர் சோப்பு டப்பா. பேஸ் என்பது அஸ்திவாரம், தாங்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்பது அவன் கட்சி. ஒத்திகையில் அவள் ஒரு பெடலை மிதித்தால் திரும்பிப் பார்ப்பான். அவளும் பேசாமல் அணைத்துவிடுவாள்.

இசைக்குழுக்களுக்கான போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாத்தியார் பள்ளிக்கூட மாடிப்படியில் கால் தவறி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் கொழுந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவர்கள் போட்டிக்கு எடுத்திருந்தது சொந்தப் பாட்டு. கீபோர்டில் ஏறுமுகமாக வரும் எட்டு சுரங்களில்தான் அது தொடங்கும். பாட்டு முழுக்க அந்த எட்டும் திரும்பத் திரும்ப வரும். அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை. போட்டியிலிருந்து பெயரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றான். பேக்கரிக்காரர் மறுக்கவில்லை. ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எட்டையும் நான் பேஸ்ல வாசிக்கிறேன்" என்றாள் அண்ணி.

"அண்ணி, லாரி மேட்டுல ஏறுற மாதிரி இருக்கும்."

"இருந்தா நானே வேண்டாம்னு சொல்லிடறேன் தம்பி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

வீட்டில் துணி துவைக்கும் அறைதான் அவள் வாசிக்கிற இடம். கணவன் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி, ஈரத்துணியை வாளிக்கு மாற்றி இடம் செய்து கொடுத்தான். முதலில் ஃபில்டரை மட்டும் போட்டு வாசித்தாள். சமையலறையிலிருந்து அவன் குரல் வந்தது. "யாரு வாத்து வளர்க்கிறது?"

அவளுக்கே சிரிப்பு வந்தது. உண்மையிலேயே வாத்துதான். அடுத்து டிஸ்டார்ஷனை முன்னால் வைத்து, அதிலிருந்து ஃபில்டருக்கு இணைத்தாள். இப்போது கீபோர்டின் தடிமன் கிடைத்தது. ஆனால் உயிர் போய்விட்டது. மெதுவாக மீட்டினாலும் அழுத்தி மீட்டினாலும் ஒரே அளவுதான் வெளியே வந்தது. ஃபில்டர் வாயைப் பிளந்தபடியே நின்றது. டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நசுக்குகிறது என்று அவளுக்கு உறைத்தது. கேட்கும் கருவியில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலும் இதேதான். முணுமுணுப்பும் அதட்டலும் ஒன்றாகிவிடும். டிஸ்டார்ஷனைக் கால்வாசிக்குக் குறைத்தாள். ஃபில்டர் மறுபடி விரலின் சொல் கேட்டது. மெல்லத் தொட்டால் பாதி திறந்தது, அழுத்தினால் முழுக்கத் திறந்தது.

மேல்ஸ்தாயிப் பெட்டியும் சும்மா இருக்கவில்லை. ரொம்பக் கீழ்ச் சுரங்களில் அது தடுமாறியது, இரண்டு கம்பி சேர்ந்து அதிர்ந்தால் உளறியது. எட்டு சுரங்களையும் கிடார் கழுத்தின் மேல்பக்கத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றாக, முந்தின கம்பியை விரலால் அடக்கிய பிறகே அடுத்ததை மீட்டிப் பழகினாள். விரல் நுனி சிவந்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து ஒத்திகைக்குப் போய் வாசித்தாள். நான்காவது சுரத்திலேயே ஓரகத்தி நிமிர்ந்தாள். பேக்கரிக்காரர் குச்சியைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கு அண்ணி. ஆனா எனக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. பெட்டிகளைக் கடந்து வந்தபோது அடி ஒலி கரைந்து போயிருந்தது. கீபோர்டு கிடைத்தது, பேஸ் போய்விட்டது. அண்ணி கொழுந்தனின் கிடார் ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்தாள். ஒலியை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு ஒன்றைப் பையிலிருந்து தேடி எடுத்தாள். ஒரு வழி, எந்தப் பெட்டியையும் தொடாமல் நேராக பேஸ் ஸ்பீக்கருக்கு. இன்னொரு வழி, மூன்று பெட்டிகளுக்குள்ளும் புகுந்து கிடார் ஸ்பீக்கருக்கு. அடுத்து மீட்டியபோது அறைக் கதவு அதிர்ந்தது. கீழே தரை, மேலே எட்டு சுரம், இரண்டும் ஒரே விரலிலிருந்து.

"என் ஸ்பீக்கரை நீங்களே வெச்சுக்குங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "நான் வேற கொண்டு வரேன்."

போட்டி மதியம் மூன்று மணிக்கு. ஆறு குழுக்கள், எண்ணூறு நாற்காலி. ஒலி பார்க்கும் மனிதர் மேடைக்கு வந்து, வழக்கம்போல பேஸ் கிடாரிலிருந்து ஒரே வயரை நேராக எடுக்கப் போனார். பெட்டிகளைக் காலால் ஓரம் தள்ளச் சொன்னார். பேஸில் இந்த வேடிக்கையெல்லாம் போட்டால் அரங்கில் குழம்பிப்போகும், இருபது வருடமாகப் பார்க்கிறேன் என்றார். கொழுந்தன் கையைப் பிசைந்தான். அண்ணி குரலை உயர்த்தவில்லை.

"நீங்க கேக்கிற வயர் இதோ. சுத்தமான பேஸ், எதுவும் கலக்கல. இது ரெண்டாவது. இதை பேஸ்னு நினைக்காதீங்க. உங்ககிட்ட கீபோர்டுன்னு ஒரு இடம் காலியா இருக்குல்ல, அதுல சொருகுங்க. பிடிக்கலன்னா பாதியில மூடிடுங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவர் இரண்டு வயரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியலில் கீபோர்டு என்று எழுதி அடித்திருந்ததைக் காட்டி, சரி, ஒரு நிமிடம் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

விளக்கு எரிந்தது. அண்ணி மூன்று பெட்டிகளையும் மிதித்தாள். முதல் சுரத்தை மெல்லத் தொட்டாள். மூடிய அறைக்குள் யாரோ முனகியது போல வந்தது. இரண்டாவதை இன்னும் கொஞ்சம் அழுத்தி. மூன்று, நான்கு என்று ஏற ஏற விரலின் பலத்தைக் கூட்டினாள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஃபில்டர் இன்னும் கொஞ்சம் திறந்தது. எட்டாவதில் முழு பலத்தையும் கொடுத்தாள். அரங்கம் முழுவதும் ஒரே வெளிச்சமாக ஒலி நிறைந்தது. நாற்காலிக் கால்கள் வழியாக அடி ஒலி மேலே ஏறியது. முன்வரிசையில் ஒருவர் திரைக்குப் பின்னால் கீபோர்டு வாசிப்பது யார் என்று எட்டிப் பார்த்தார். ஒலிக்காரரின் கை இரண்டாவது வயருக்கான திருகின் மேல் இருந்தது. மூடவில்லை. ஏற்றினார்.

கடைசிச் சரணத்தில் யாரும் எதிர்பாராததைக் கொழுந்தன் செய்தான். தன் கிடாரை அடக்கிவிட்டு, பேக்கரிக்காரருக்கும் கண் காட்டி நிறுத்தினான். மேடையில் அண்ணி மட்டும். எட்டு சுரங்களும் தனியாக ஏறின. இரண்டாவது முறை அரங்கம் கைதட்டித் தாளம் போட்டது. மூன்றாவது முறை எல்லோரும் சேர்ந்துகொண்டபோது ஓரகத்தியின் குரல் அதன் உச்சியில் போய் நின்றது.

முடிவை அறிவித்த நடுவர், கீபோர்டு வாசித்தவரையும் மேடைக்கு வரச் சொன்னார். அப்படி ஒருவர் இல்லை, அது அண்ணியின் பேஸ்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னது கொழுந்தன். எண்ணூறு பேர் எழுந்து நின்றார்கள். முதல் பரிசுக் கோப்பையை வாங்க அவளைத்தான் முன்னால் தள்ளினான். வாழ்நாளில் அவள் அவ்வளவு வெளிச்சத்தில் நின்றதில்லை. ஆனாலும் கண் கூசவில்லை.

கீழே இறங்கியபோது, கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கை குணமாக ஆறு வாரம் ஆகுமாம் அண்ணி. ஆனாலும் அந்த எட்டு சுரம் இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அதுக்கு மேல வாசிக்க வேற ஏதாவது யோசிக்கிறேன்."

"நல்லா யோசிங்க" என்றாள் அண்ணி. "நாலாவது பெட்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."