நெட் வராத மூலை

ஏணியின் உச்சியிலிருந்து இரண்டு படி கீழே நின்று, இடது முழங்கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, பிரகாசம் கிளாம்பின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். செப்டம்பர் வெயிலில் காய்ந்த கம்பத்தின் சூடு சட்டைத் துணியைத் தாண்டி முழங்கையில் ஏறியது. தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. வெட்டவெளியில் நின்று, வெயில் மழை பார்க்காமல் வைஃபை கொடுக்கிற பெட்டி. இந்த ஒன்பது வருஷத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து நசரத்பேட்டை வரை இப்படி எத்தனை மாட்டியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. தண்ணீர் புகுந்து செத்துப்போனது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கீழே குத்தம்பாக்கம் கிடங்கின் பின்முற்றம். ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பார்சல்கள் கோணிகளில் வந்து இறங்கும் இடம். தகரக் கூரைக்கடியில் பதினெட்டுப் பெண்கள் நின்றபடியே கோணிகளைப் பிரித்து, ஒவ்வொரு பார்சலையும் கையிலிருந்த ஸ்கேனரால் பீப் அடித்து, துணி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி நேர நிற்பு. நாற்காலி கிடையாது. மூன்றாவது மேசையில் நின்றவள் ரோஸி, அவன் பெண்டாட்டி.

அது அங்கே யாருக்கும் தெரியாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கிடங்குக்குள் இருந்தால் கைமாற்றிப் பொருளைக் கடத்திவிடுவார்கள் என்று செக்யூரிட்டி ஆபீஸில் ஒரு சட்டம். கான்ட்ராக்டர் துலுக்கானம் தன்னை அனுப்பப்போவது அந்தக் கிடங்குக்குத்தான் என்று பிரகாசம் வீட்டில் சொன்னபோதே ரோஸி எச்சரித்துவிட்டாள்.

"அங்க வந்து ரோஸி கீஸின்னு வாயத் தொறந்த, ரெண்டு பேரும் ரோட்ல நிப்போம். நீ யாரோ, நா யாரோ."

"பதினாறு வருசமா அப்பிடித்தான கீறோம்?"

கையிலிருந்த கரண்டியாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, காலுக்குத் துணிப்பட்டை சுற்ற ஆரம்பித்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. வேலைக்குப் போகுமுன் பட்டையை இறுக்கிக் கட்டினால்தான் மத்தியானம் வரைக்குமாவது நிற்க முடியும்.

"பொட்டிய எங்க மாட்டப்போற?" என்றாள்.

"பின்னாடி செவுத்தோரம். புங்கமரம் ஒண்ணு கீதாமே, அத்தாண்ட."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"யோவ், அந்த மூலையா?"

அந்த மூலையைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். ஸ்கேனரில் தன் நம்பரைப் போட்டதும் திரையில் பெயர் வரும். மூன்று நிமிஷம் பீப் சத்தம் வரவில்லையென்றால் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். சும்மா இருந்த நேரம் என்று கணக்கு. ஒரு ஷிப்டில் அது இருபது நிமிஷத்தைத் தாண்டினால் பெயர் ஆபீஸுக்குப் போகும். அங்கே நினைத்தால் மறுநாள் கேட்டில் அட்டை வேலை செய்யாது. ஆனால் புங்கமரத்தடியில் மட்டும் நெட் வராது. நெட் இல்லையென்றால் கடிகாரம் நின்றுவிடும். அதை எவள் முதலில் கண்டுபிடித்தாளோ, மூன்று பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கோணியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, முறை வைத்துப் பத்துப் பத்து நிமிஷம் அங்கே போய் உட்கார்ந்து வந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரி ராஜகுமாரி இரண்டு வாய் சோறு தின்பதும் அங்கேதான். ரோஸி பட்டையை அவிழ்த்துக் காலுக்குக் காற்றுக் காட்டுவதும் அங்கேதான்.

"அங்கயும் நெட் வந்துட்ச்சின்னா நாங்க எங்கய்யா போயி குந்தறது?"

"நா மாட்டலன்னா வேற ஒர்த்தன் வந்து மாட்டப்போறான்."

"வேற ஒர்த்தன் மாட்டட்டும். ஒரு மழைக்குப் பூடும். நீ மாட்னா அது சாவவே சாவாதே. அதான் பயமா கீது."

ஏணியில் நின்றவனுக்கு அந்தப் பேச்சு காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து கம்பத்தின் உச்சிக்கு இழுத்திருந்த கேபிள் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அதைப் பெட்டிக்குக் கீழே ஒரு முழம் இறக்கி, யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து, திரும்ப மேலே கொண்டுவந்து பெட்டியின் வாயில் செருக வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியாக ஓடிவரும் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வாயை அடைக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அந்த வளையம் அவன் உதட்டுக்கிடையில் இருந்தது.

கீழே பார்த்தான். ராஜகுமாரி மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து ஒரு காலை மட்டும் தூக்கி வைத்திருந்தாள். கிடங்கின் நெட்வொர்க் இன்ஜினியர் கிஷோர் கூரைக்கடியில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

பிரகாசம் வளையத்தை உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கேபிளை வளைக்காமல், மேலிருந்து நேராகக் கொண்டுவந்து பெட்டியின் வாயில் செருகினான். பிறகு இறங்கிவிட்டான்.

கிஷோர் திண்டுக்கல் பக்கத்துப் பையன். பூந்தமல்லியில் ஃபிளாட்டில் இருப்பவன். மரியாதையாகத்தான் பேசுவான். கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தான். அதில் முற்றத்தின் படம். சிக்னல் இருக்கும் இடமெல்லாம் பச்சையாக நிரம்பிக்கொண்டே வந்தது.

"அண்ணே, ஸ்கேனரோட ஒரு ஆள் மரத்தடியில நிக்கணும். அந்தா, அந்த அக்காவக் கூப்புடுங்க."

அவன் கை காட்டியது ரோஸியை.

"ஏம்மா," என்றான் பிரகாசம். தொண்டையைச் செருமிக்கொண்டான். "உங்க பேர் இன்னா?"

"ரோஸி சார்." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கொஞ்சம் அந்த மரத்தாண்ட நிக்கறீங்களா?"

"எட்டு மணி நேரமா நின்னுகினுதான சார் கீறோம். மரத்தாண்ட நிக்கறதுல இன்னா வந்துச்சு?"

ராஜகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோஸி போய்க் கவிழ்ந்த கிரேட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்கேனரில் நாலு கோடும் ஏறின. படத்தில் கடைசியாக இருந்த சிவப்பு மூலையும் நாற்றங்கால் மாதிரி பச்சையாகிவிட்டது.

"மாட்டுனவங்க கையெழுத்து இங்கண்ணே."

பிரகாசம் முப்பத்தெட்டு வயது வரை கைநாட்டு. சபையில் நடந்த சாயங்கால வகுப்புக்கு ஒன்றரை வருஷம் போய்த்தான் எழுத்துக் கூட்ட வந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் கேபிள் லேபிளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவை. கண்ணாடித் திரையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக இழுத்தான். கிஷோர் அவசரப்படுத்தாமல் நின்றான்.

"நல்லாருக்குண்ணே கையெழுத்து."

அதற்குப் பிறகு ஒரு மாதம் கிரேட்டுகள் மரத்தடியில் சும்மா கிடந்தன. ரோஸி வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வாள். அடுப்பைப் பிரகாசம்தான் பார்த்தான். இரண்டு பேரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ரோஸி முழுக்க நனைந்து, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"செத்துப் பூட்ச்சிய்யா ஒம் பொட்டி! காத்தாலேந்து அங்க ஒரு கோடுகூட இல்ல. ஆள் மாத்தி ஆள் போயி குந்திட்டு வந்தோம். ராஜகுமாரி அஞ்சு நிமிசம் கொறட்டையே உட்டுட்டா."

பிரகாசம் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்தான். உள்ளங்கையில் ரப்பர் வளையம் விழுந்தது. ரோஸி அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப்பாவி," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மழையிலேயே போய் ஒரு கூறு சங்கரா மீன் வாங்கி வந்தாள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. நாலாவது நாள் காலை கேட்டில் ரோஸி அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ராஜகுமாரிக்கும் சிவப்பு. சிம்ரன் என்ற புதுப் பெண்ணுக்கும் சிவப்பு. சூப்பர்வைசர் வந்து டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். போன மாதம் எடுத்த அதே படம், முற்றம் முழுக்கப் பச்சை. எல்லா இடத்திலும் சிக்னல் இருப்பதாக ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து கணக்கு மாறிவிட்டது. அதற்கு மேலும் ஒரு ஸ்கேனர் நெட்டில் இல்லையென்றால், வைத்திருப்பவள் வேண்டுமென்றே அணைத்துவிட்டாள் என்றுதான் பதிவாகும். மூன்று நாளில் அதிகமாக 'அணைத்தவர்கள்' இந்த மூன்று பேர்.

"அணைக்கல சார், நெட்டு வர்ல," என்று ரோஸி கத்தினாள்.

"எப்படி வராம இருக்கும்? பாரு, மாட்டுனவனே கையெழுத்துப் போட்டிருக்கான். பிரகாசம்னு."

அதே நேரத்தில் துலுக்கானம் பிரகாசத்துக்குப் போன் செய்தார்.

"நைனா, குத்தம்பாக்கத்துல அந்த பொட்டி படுத்துகிச்சாம். ஒன் வேலையில தண்ணி பூராதேடா? போயி பாரு. நம்ம கை வேலைல கோளாறுன்னு மட்டும் பேர் வந்துச்சு, அந்த கம்பெனி வாசல்ல நானும் நிக்க முடியாது, என்னாண்ட நீயும் நிக்க முடியாது. புரிதா?"

அவன் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடைத் தார்ப்பாய்க்கடியில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ரோஸி வழி கேட்கிறவள் மாதிரி சாலையைத் தாண்டி வந்து, ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஒரு வார்த்த சொல்லு. பொட்டி செத்துக் கெடந்துச்சு, இவளுங்க மேல தப்பில்லன்னு. நீ சொன்னா கேப்பாங்க. நீதான மாட்ன?"

"சொல்றேன்."

"ராஜகுமாரிக்கு மாத்திரையே இந்தச் சம்பளத்துலதான்யா."

"சொல்றேன்றேன்ல, போ."

மேலே ஏறி கேபிளின் முனையைப் பிடுங்கினான். பெட்டியின் வாயிலிருந்து தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. செம்புப் பற்கள் பச்சைக் களிம்பேறியிருந்தன. அதை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புது முனை அடித்தான். வீட்டிலிருந்து எடுத்து வந்த ரப்பர் வளையத்தை வாயில் இறுக்கினான். கேபிளை ஒரு முழம் இறக்கி வளைத்துச் செருகினான். மழைத்துளி ஒன்று கேபிள் மேல் ஓடிவந்து, வளைவின் அடியில் நின்று, கீழே விழுந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது.

கிஷோர் குடையோடு நின்றிருந்தான்.

"சார்," என்றான் பிரகாசம் இறங்கியதும், "மூணு நாளா இது செத்துதான் கெடந்துகீது. அந்தப் பொம்பளைங்க மிஷின ஆஃப் பண்ணல. நெட்டே இல்ல."

கிஷோர் பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"தெரியும்ணே. பெட்டி போயிருச்சுன்னு எனக்கு மெயில் வந்துச்சு. நான் ஊருக்குப் போயிருந்தேன், பாக்கல. இப்ப மூணு நாள் செத்துக் கெடந்துச்சுன்னு எழுதினா, மொதல்ல என்னையத்தான் கேப்பாங்க. அப்புறம் எதனால செத்துச்சுன்னு கேப்பாங்க." குடையைச் சற்று அவன் பக்கம் சாய்த்தான். "எதனாலண்ணே? தண்ணியா?"

பிரகாசத்தின் கை சட்டைப்பையின் மேல் இருந்தது. துணியைத் தாண்டி அந்த முனை விரலில் குத்தியது.

"தெர்ல சார்."

"பாத்தீங்களா. ரெண்டு பேருக்குமே வம்பு. சர்வீஸ் பாத்தாச்சு, நல்லா ஓடுதுன்னு போட்டுருவோம்."

"அந்த மூணு பேரு?"

"ஏஜென்சில வேற ஆள் அனுப்பிட்டாங்கண்ணே." கிஷோர் அவனை உற்றுப் பார்த்தான். "அவங்கள்ல உங்களுக்கு யாராச்சும் தெரிஞ்சவங்களா?"

தகரத்தின் மேல் மழை சற்று வலுத்தது. மூன்றாவது மேசையில் ஒரு புதுப் பெண் கோணியின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார். யாரும் இல்ல."

விரல் ஈரமாக இருந்ததால் கண்ணாடியில் எழுத்து விழவில்லை. கிஷோர் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். துடைத்துக்கொண்டு மறுபடி முதல் எழுத்திலிருந்து போட்டான்.

"கடைசியா ஒரு டெஸ்ட் மட்டும்ணே." கிஷோர் சார்ஜர் பலகையில் சும்மா கிடந்த மூன்று ஸ்கேனர்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "மரத்தடியில நில்லுங்க. அஞ்சு நிமிசம். அசையாதீங்க."

கிரேட்டுகளை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். புல் வெளுத்துப்போய் மூன்று சதுரங்கள் மட்டும் தரையில் இருந்தன. பிரகாசம் அவற்றுக்கு நடுவே நின்று ஸ்கேனரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். கேபிளின் வளைவிலிருந்து நீர் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. திரையில் நாலு கோடும் முழுசாக ஏறின. கிஷோர் கூரைக்கடியிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. டீக்கடையிலிருந்து அவள்தான்.

"அசையாதீங்கண்ணே!"

ஸ்கேனரை யாரும் அணைக்கவில்லை, நம்பரையும் மாற்றவில்லை. கோடுகளுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டத் தேவைப்படவில்லை அவனுக்கு, இங்கிலீஷில் நாலே எழுத்து. மூன்று நிமிஷம் ஆனதும் ஸ்கேனர் ஒரு பீப் போட்டது. ரோஸியின் பெயருக்குப் பக்கத்தில் சும்மா இருந்த நேரம் ஓடத் தொடங்கியது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. மூன்று.