தொடாத வரிசை

1

இல்லை, அந்த மின்மினிச் சமாச்சாரம் கதைக்காக நான் சேர்த்தது அல்ல. உடம்பில் உள்ள செல்லுக்கு அடிபட்டால் உள்ளே இருக்கவேண்டிய ஏடிபி என்ற மூலக்கூறு வெளியே கசியும். அதோடு மின்மினிப்பூச்சியின் நொதியைக் கலந்தால் ஒளிரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வேதனை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நான் கைகூடக் கழுவவில்லை, கதையை ஆரம்பித்துவிட்டேன்.

2

"மரணத்துக்கும் ஓர் ஒளி உண்டு, அது..." (வேண்டாம். படித்தால் சிரித்தே கொன்றுவிடுவாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். நாளெல்லாம் சொட்டு சொட்டாக மருந்து விடுவதால் கதையில் அத்தை மகளின் பெயர் சொட்டு. எதிர் அறை வேதியியல்காரர் உருவாக்கிய மருந்தைச் செல்கள் மேல் விட்டாள். பளிச்சென்று ஒளிர்ந்தது. 'இது செல்லை வதைக்கிறது' என்று கூட்டத்தில் சொன்னாள். அந்த மருந்து வேலையையே நிறுத்தும்படி அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"உன் செல்லுங்களுக்கு என் பேரைக் கேட்டாலே ஆகாது போல," என்றார் அவர்.

"நான் என்னண்ணா பண்றது, மெஷின் சொல்லுது."

"மெஷின் மேல பழியப் போடு. அதுக்குத்தான் வாய் இல்லையே."

3

(அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

செல்கள் இருப்பது ஒரு தட்டில், வரிசை வரிசையான சின்னக் குழிகளில். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசைக்கு மருந்தே விடுவதில்லை. சொட்டு அதைத் தொடுவதும் இல்லை. 'அதுங்க பாட்டுக்கு இருக்கட்டுமே' என்ற பாசம். அவர் பேச்சு உறுத்தவே, அந்த வரிசையிலும் மருந்து கலக்காத வெறும் திரவத்தை, மருந்தை விடும் அதே வேகத்தில் பீய்ச்சினாள். அதுவும் பளிச்.

வதைத்தது அவள் கை. மருந்தும் வதைத்ததா என்று இனிமேல்தான் தெரியவேண்டும். மெதுவாக விட்டு மறுபடி பார்க்கிறேன் என்று சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: மருந்து வரிசை இருட்டு, அவள் எதிர் அறைக்கு ஓடுகிறாள். முடிவு இரண்டு: ஒளிர்கிறது, அவள் தெரியாமலே சரியாகத்தான்... (இரண்டையும் அடித்துவிட்டேன்.) போன் போட்டேன்.

"என்னாச்சு?"

"குழியோட சுவரோரமா மெல்ல விட்டேன். வெறும் திரவ வரிசை இருட்டாயிடுச்சு. மருந்து வரிசைய இன்னும் பாக்கல."

"ஏன்டி?"

"மெஷின் காட்டுற நம்பரப் பாத்துட்டு மன்னிப்பு கேட்டா, அது என்ன மன்னிப்பு? மொதல்ல அண்ணாகிட்ட போய் என் கைதான் தப்புன்னு சொல்லணும். ஆனா மருந்தும் கெட்டதா இருந்துட்டா? ஆசை காட்டி மோசம் பண்ண மாதிரி ஆயிடும்."

நானாக இருந்தால் எப்போதோ பார்த்திருப்பேன். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள். நீங்களே சொல்லுங்க, மொதல்ல நம்பரா, அண்ணாவா?