மாடி வீட்டுப் பருப்பு

என் சமையலைப் பற்றி நானே பேசக் கூடாதுதான். ஆனால் மற்றவர்களைப் பேசவிட்டால் பாதியை விட்டுவிடுகிறார்கள். பஸ் டெப்போ கேன்டீனில் நான் தலைமைச் சமையல்காரி. டிரைவர்கள் என்னைக் கரண்டியம்மா என்பார்கள். நான் லீவு போட்டேன் என்று தெரிந்தால் பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வருவார்கள். உப்பு சரியா என்று நான் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தால் போதும்.

இதற்கெல்லாம் மசியாத ஒரே ஆள் என் ஓரகத்தி. கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் என் கொழுந்தன் குடும்பம். நான் எதைக் கொடுத்தனுப்பினாலும் கிண்ணம் கழுவித் திரும்பி வரும், "சாப்பிட்டோம் அக்கா" என்ற ஒரே பேச்சோடு. நல்லா இருந்தது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, அவளாவது பெரிய சமையல்காரியா? வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவள் வைக்கும் பருப்பில் பூண்டு கருகியிருக்கும், பருப்பு பாதி கரைந்தும் பாதி முழித்துக்கொண்டும் கிடக்கும். மாடியிலிருந்து அந்த வாடை இறங்கினால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் ஆனது. காயம் ஆறும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொழுந்தன் அவளோடு தங்கிவிட்டான். அவர்கள் மகள் எலிக்குட்டிக்கு ஆறு வயது. "அவ சாப்பாட்டைப் பத்தி உனக்கென்ன கவலை? நான் இல்லையா?" என்று ஓரகத்தியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக் குழந்தையைக் கீழே கூட்டிவந்தேன்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். டெப்போவே வரிசையில் நிற்கும் என் பருப்பை இரண்டு வாய் தின்றுவிட்டு எலிக்குட்டி தட்டைத் தள்ளினாள்.

"அம்மா பருப்பு வேணும்."

"இதுவும் பருப்புதான்டி, கண்ணு."

"இது இல்ல."

மறுநாளும் அப்படியே. முட்டை, கிழங்கு, பாயசம் எதுவும் உள்ளே இறங்கவில்லை. குழந்தையின் கன்னம் வற்றிப்போனது. சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தாள். "சாப்பிட்டாளா அக்கா?" என்றாள். "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்றேன். "பொய் சொல்லாதீங்க. அவ சாப்பிடலேன்னா ஆஸ்பத்திரியில என் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கே வந்துடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள் அவள். தையல் பிரிக்காத வயிற்றோடு ஆட்டோவில் குலுங்கி வந்து மாடி ஏறுவாள்.

"மோசமா சமைக்கணும், அவ்வளவுதானே? நீ அதுலயும் கெட்டிக்காரின்னு காட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், சிரிக்காமல்.

காட்டுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பூண்டைக் கருகவிட வேண்டும் என்று எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரம் பொன்னிறமானதும் என்னைக் கேட்காமலே என் கை சட்டியை இறக்கிவிட்டது. திரும்ப ஏற்றினேன். திரும்ப இறக்கியது. எலிக்குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா இப்படி நிக்க மாட்டாங்க, பெரியம்மா."

"பின்னே?"

"மிஷினுக்குப் போயிடுவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமான்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். அவளுடைய நசுங்கிய அலுமினியச் சட்டியிலேயே பருப்பை வேகப்போட்டு, வேகுமுன்பே உப்பையும் போட்டேன். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டைப் போட்டுவிட்டு, பக்கத்து அறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது. ஒரு கந்தல் துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தேன். பூண்டு சிவந்த வாசனை வந்தது. துள்ளி எழுந்தேன். எலிக்குட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இன்னும் இல்ல. அந்தக் கோடு முடியட்டும்."

அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு நான் இப்படி உட்கார்ந்ததே இல்லை. உடம்பெல்லாம் அரித்தது. வாசனை வாடையானது, வாடை புகையானது. கந்தல் துணியின் ஓரத்துக்கு வந்துவிட்டேன்.

"இப்ப!" என்று கத்தினாள் எலிக்குட்டி.

இரண்டு பேரும் ஓடினோம். பூண்டு கரியாய்க் கிடந்தது. அதை அப்படியே பருப்பில் கொட்டி, பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினேன். அவள் அம்மாவும் அப்படித்தான் ஊற்றுவாளாம். எலிக்குட்டி தட்டை வழித்துத் தின்றாள். இன்னொரு கரண்டி கேட்டாள். டெப்போவில் எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அன்றுதான் எனக்குக் கண் கலங்கியது.

அன்று போனில் எலிக்குட்டியே பேசினாள். "ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்மா. நீ மெதுவா வா." ஓரகத்தியும் டாக்டர் சொன்ன நாள்வரை அசையாமல் படுத்திருந்தாள். தினமும் நான் மாடிக்குப் போய்ப் பூண்டைக் கருக்கினேன். கருக்கக் கருக்கக் கையும் படிந்துவிட்டது, கந்தல் துணியில் கோடும் நேராக வந்தது.

ஓரகத்தி வீடு திரும்பிய அன்று எலிக்குட்டிக்கென்று வைத்திருந்த பருப்பு மாடி அடுப்படியில் இருந்தது. ஓரகத்திக்காக நான் கீழே தனியாக, என் கைவரிசை முழுவதையும் காட்டிச் சமைத்திருந்தேன். அதை எடுத்துவரக் கீழே போய்த் திரும்புவதற்குள், பசி தாங்காமல் அவள் அந்தப் பருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பாத்திரத்தோடு வாசலில் நின்றேன். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க சமையல் உங்க சமையல்னு ஊரே சொல்லுதே, எனக்கு இன்னிக்குத்தான் புரியுது. என்ன ருசி!"

எலிக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். பொன்னிறப் பூண்டு மிதக்கும் என் பாத்திரத்தை மூடியபடியே ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தேன்.

"நல்லா இருக்கா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றேன். குரல் கம்மாமல் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். சும்மாவா, நான் சமைத்ததாயிற்றே.