சித்திகா வீட்டுக்கு எந்தக் கையோடு போவது

1.
உண்மையில் இது கதையே இல்லை. ‘கோயம்புத்தூரில் காசில்லாமல் சுற்றிப் பார்க்க’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். முதல் இடம் உக்கடம் பெரியகுளம் என்று எழுதியதுமே கரையில் ஓர் அம்மா ஒரு பை முருங்கைக்காயோடு வந்து உட்கார்ந்துகொண்டார். கட்டுரை அத்தோடு போச்சு.

பெயர் செல்லாத்தாள். வெள்ளகோவில்காரி. மாதம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவள்.

[குளத்து நீரில் அந்திச் சூரியன்... வேண்டாம். அவள் வருவதே காலையில்.]

2.
நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் நின்றார்.

“ஏனுங்க, காய் என்ன வெலைங்க?”

“விக்கறதுக்கில்லீங்க. சிநேகிதி ஊட்டுக்குக் கொண்டாந்தேன்.”

“ஊடு எங்கீங்க?”

“இங்கதானுங்க, கோட்டைமேடு.”

கூப்பிடு தூரம். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. போன மாதமும் காயை யாருக்கோ கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

3.
(காரணம் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள்.) செல்லாத்தாளும் அந்தச் சிநேகிதி சித்திகாவும் முன்பு இங்கே ஒரு பஞ்சாலையில் ஒரே ஷிப்டு, ஒரே சோற்றுப்போசியில் சாப்பாடு. சித்திகாவின் கணவர் அப்துல் நாசர் இறந்தபோது, செல்லாத்தாள் வீட்டில் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டிருந்தது. கால் நட்ட வீட்டார் சாவு வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

“சரி செல்லா, கல்யாணத்த நல்லபடியா முடிச்சுபோட்டு வா” என்றாள் சித்திகா போனில்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம். முதலில் நாள் தள்ளிப்போனது, பிறகு முகத்தில் விழிக்க வெட்கம். துக்கம் கேட்க வெறுங்கையோடுதான் போகவேண்டும். கிளம்பும்போது ‘வாரேன்’ என்று சொல்லக்கூடாது. சிநேகிதி வீட்டுக்கோ வெறுங்கையோடு போகக்கூடாது. செல்லாத்தாளுக்கு வேண்டியது சித்திகாதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன அப்படி ஏங்குகிறாள்.

4.
முடிவு அ: பையோடு போகிறாள். கதவைத் திறந்த சித்திகா, “விருந்துக்கா வந்தே?” என்று... (சித்திகா அப்படிக் கேட்கிறவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கையை வீசிக்கொண்டு போகிறாள். இருவரும் அழுகிறார்கள். சொல்லாமல் கிளம்புகிறாள். (இதற்கா இத்தனை நாள் ஏங்கினாள்?)

5.
காசில்லாமல் என்ன செய்யலாம் என்று தேடித்தானே வந்தீர்கள்? ஒன்று இருக்கிறது. கோட்டைமேட்டில் ஒரு சந்து முனையில் செல்லாத்தாள் உங்களைத்தான் கூப்பிடுகிறாள்.

“ஏனுங் கண்ணு, இந்தப் பையச் சித்த புடிச்சுக்கறீங்களா? ஒரு துக்கம் வெசாரிச்சுபோட்டு வந்தர்றேன்.”

வாங்கிக்கொள்ளுங்கள். துக்கத்துக்கு வெறுங்கையோடு சித்திகா வீட்டுக்குள் போயிருக்கிறாள்; சிநேகிதிக்கான காய் உங்கள் கையில். பையை வாங்கத் தனியாக வருவாளா, சித்திகாவும் கூட வருவாளா, எனக்குத் தெரியாது. நான் குளக்கரையில்தான் இருக்கிறேன். சந்து முனையில் நிற்பது நீங்கள். கதவு திறந்ததும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.